வயது என்ன? ஊர் எது? கையைக் காட்டு!

விடிந்தும் விடியாத வேளையில் சிங்கப்பெருமாள் கோயில் நிறுத்தத்தில் நின்று பாருங்கள். கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். மறைமலைநகர் பஸ், மகிந்திரா சிட்டி பஸ், ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகும் பஸ் என்று ஜி.எஸ்.டி. ரோடே நிறைந்துவிடும். ஏறுகிறவர்களைக் கவனியுங்கள். மீசை அரும்பும் பையன்கள்; பள்ளிக்கூடத்துப் பையை நேற்றுத்தான் இறக்கி வைத்தவர்களைப் போன்ற பெண்கள். கழுத்திலே அட்டை, கண்ணிலே தூக்கம். அந்த பஸ்ஸில் நரைத்த தலை ஒன்றைக் காண வேண்டுமானால் டிரைவரைத்தான் பார்க்க வேண்டும்.

பஸ்ஸில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பற்றிச் சர்க்காரும் முதலாளிகளும் ஓயாமல் பேசுகிறார்கள். இத்தனை கோடி முதலீடு, இத்தனை ஆயிரம் வேலை என்று மேடைதோறும் கணக்கு ஒப்பிக்கிறார்கள். இந்த வாரம் அந்த பஸ்ஸில் யார் இல்லை என்பதைப் பற்றிப் பேச விரும்புகிறோம்.

நாற்பதைக் கடந்த தொழிலாளி அதில் இல்லை. பவர் பிரஸ்ஸில் விரலைக் கொடுத்தவர் இல்லை. இளம்பிள்ளை வாதத்தில் கால் சூம்பியவரோ, காது கேளாதவரோ, கண் தெரியாதவரோ இருந்தால் அது அபூர்வம். இருளர் குடியிருப்பிலிருந்து வந்த பையனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சேரி வாலிபன் ஏறுகிறான், மறுக்கவில்லை. ஆனால் அவன் கழுத்து அட்டையின் நிறம் பெரும்பாலும் வேறாக இருக்கிறது. அது காண்டிராக்ட் அட்டை.

மற்றவர்களெல்லாம் எங்கே? செங்கல் சூளையிலே, கல் குவாரியிலே, சவுக்குத் தோப்பிலே, மாமல்லபுரத்து ஓட்டல்களின் பின்கட்டிலே, நடவு நாளில் மதுராந்தகத்து வயலிலே. எதுவும் இல்லாத நாளில் வீட்டுத் திண்ணையிலே. ஆலை வாசலில் காண்டிராக்டரின் ஆள் கேட்கும் கேள்வி மூன்று. வயது என்ன? ஊர் எது? கையைக் காட்டு! மூன்றிலும் தேறியவனுக்குத்தான் உள்ளே வழி. படித்த படிப்பும் பழகிய தொழிலும் அப்புறம்தான்.

முப்பத்தெட்டில் கிழவனா?

முதலில் வயதை எடுத்துக்கொள்வோம். மறைமலைநகர் போர்டு கார் தொழிற்சாலையின் கதை இந்த ஜில்லாவில் குழந்தைக்கும் தெரியும். தொண்ணூறுகளின் பின்பாதியில் வந்தது அந்தக் கம்பெனி. நிலமும் தண்ணீரும் மின்சாரமும் வரிச் சலுகையும் பெற்றுக்கொண்டது. 2021 செப்டம்பரில், இந்தியாவில் இனிக் கார் தயாரிப்பதில்லை என்று ஓர் அறிக்கை விட்டது. 2022-ன் நடுவில் இங்கே கடைசிக் கார் வெளியே வந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிரந்தரத் தொழிலாளிகளும், அவர்களை நம்பியிருந்த காண்டிராக்ட், உதிரிபாகத் தொழிலாளிகளும் தெருவுக்கு வந்தார்கள். நஷ்டஈட்டுக்காக ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து போராடித்தான் கொஞ்சமாவது கூட்டி வாங்கினார்கள்.

இருபது வயதில் ஐ.டி.ஐ. முடித்து உள்ளே போனவர் முப்பத்தெட்டில் வெளியே வந்தார். வீட்டுக் கடன் பாதி நிற்கிறது; பிள்ளை எட்டாவது படிக்கிறது. பக்கத்துக் கம்பெனிக்குப் போனால், "அண்ணே, இருபத்தெட்டுக்கு மேல் எடுப்பதில்லை" என்று அவர் தம்பி வயதுப் பையன் சொல்லி அனுப்புகிறான். பதினெட்டு வருஷம் கார் செய்யத் தெரிந்த கை இன்று ஆட்டோ ஓட்டுகிறது, கடை வாசலில் காவல் நிற்கிறது. கை பழுதாகிவிட்டதா? இல்லை, அனுபவத்துக்குக் கொடுக்க வேண்டிய கூலி முதலாளிக்குக் கசக்கிறது.

அதே கம்பெனி 2025 அக்டோபரில் தமிழ்நாடு சர்க்காருடன் புது ஒப்பந்தம் போட்டது. 3,250 கோடி ரூபாய் முதலீடு, கார் எஞ்சின் உற்பத்தி, சுமார் 600 பேருக்கு வேலை, 2029-ல் உற்பத்தி தொடக்கம் என்று அறிவித்தார்கள். வரட்டும், வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் 2022-ல் முப்பத்தெட்டு வயதில் வெளியே போனவருக்கு 2029-ல் நாற்பத்தைந்து ஆகியிருக்கும். அந்த 600-ல் அவருக்கு இடம் உண்டா? ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட சர்க்கார் இதைக் கேட்டதா? கேட்டிருந்தால் பதிலை ஜனங்களுக்குச் சொல்லட்டும்.

பழைய சட்டத்திலே இதற்கு ஒரு கைப்பிடி இருந்தது. 1947-ம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டம், ஆள்குறைப்பு செய்தால் கடைசியில் வந்தவரே முதலில் போக வேண்டும் என்றது; மறுபடி ஆள் எடுக்கும்போது முன்பு குறைக்கப்பட்டவருக்கே முதல் உரிமை என்றது. நரைத்த தொழிலாளிக்குக் குடையாக நின்றது அந்த விதிதான். 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த முதல் உரிமைக்கு ஒரு வருஷம் என்று கெடு வைத்துவிட்டது. ஒரு வருஷமும் ஒரு நாளும் கழித்து வாசலைத் திறக்கிற முதலாளிக்குப் பழைய ஆள் யாரோ! நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையை மூடுவதற்கு சர்க்காரின் அனுமதி வேண்டும் என்றிருந்ததை முந்நூறு பேர் என்று ஆக்கியதும் இதே தொகுப்புத்தான்.

பெண்களுக்கு இந்த வயதுக் கணக்கு இன்னும் கொடியது. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006-ல் தொடங்கி 2014-ல் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கான பெண்கள் வெளியே வந்தார்கள். இருபத்தைந்து, இருபத்தாறு வயதுதான்; ஆனால் செல்போன் ஆலைகளின் கணக்கில் அதுவே முதுமை. 2024 ஜூனில், ஐபோன் தயாரிக்கும் பாக்ஸ்கான் ஆலையில் கலியாணமான பெண்களைச் சேர்ப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் எழுதியது. கம்பெனி மறுத்தது. மத்திய சர்க்கார் மாநிலத்திடம் அறிக்கை கேட்டது. அதோடு அந்தப் பேச்சு அடங்கிப்போயிற்று. நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கலியாணமானவளுக்குப் பிள்ளை பிறக்கும், பிரசவ லீவு கேட்பாள், மாமியாருக்கு உடம்புக்கு வந்தால் ஒரு நாள் நிற்பாள், ஹாஸ்டலில் அடைந்து கிடக்க மாட்டாள். அதுவும் போகட்டும், நாலு வருஷம் வேலை பார்த்தவளுக்குச் சங்கம் என்றால் என்ன என்று தெரிந்துவிடும்! முதலாளி பயப்படுவது அதற்குத்தான்.

இளமை இருந்தாலும் தப்ப முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். கன்வேயரின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் அதற்கு ஈடுகொடுக்கும் வயது குறைந்துகொண்டே வரும். 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதாவைத் தமிழக சட்டசபையில் நிறைவேற்றினார்கள். சங்கங்களும் இடதுசாரிக் கட்சிகளும் எழுந்து நின்றதால் மே தினத்தன்று வாபஸ் வாங்கினார்கள். எட்டு மணி நேரத்தில் ஐம்பது வயதுக்காரர் நிற்கலாம். பன்னிரண்டு மணி நேரத்தில் முப்பது வயதுக்காரரே விழுவார். வேலை நேரத்துக்கான போராட்டம் வயதானவரின் வேலைக்கான போராட்டமும் ஆகும்.

கடைசியில் ஐம்பத்தெட்டு வரை தாக்குப்பிடித்து வெளியே வந்தவருக்கு என்ன கிடைக்கிறது? பிராவிடண்ட் பண்டு பென்ஷன். 2014 செப்டம்பரில் அதற்குக் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். சிலிண்டர் ஒன்று வாங்கினால் மிச்சத்தைத் தேட வேண்டிய தொகை அது! 9,000 வேண்டும் என்று சங்கங்கள் கேட்டுக்கொண்டே இருக்கின்றன.

ஆலையே ஊனமாக்குகிறது, ஆலையே கதவைச் சாத்துகிறது

கையைக் காட்டச் சொல்வது எதற்காக? விரல் பத்தும் இருக்கிறதா என்று எண்ணுவதற்கு. அந்த விரலை எடுத்தது யார் என்ற கேள்வி மட்டும் எழுவதில்லை.

ஜி.எஸ்.டி. ரோட்டின் இருபக்கமும் பெரிய கார்க் கம்பெனிகளுக்குத் தகடு அழுத்திக் கொடுக்கும் சின்னப் பட்டறைகள் இருக்கின்றன. பவர் பிரஸ்ஸில் கை போனால் தானே நிற்கும் சாதனம் இருந்தால் உற்பத்தி குறையும் என்று அதைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுகிற பட்டறை உண்டு. மூன்று மாதப் பயிற்சி கூட இல்லாத பையனை ராத்திரி ஷிப்டில் அதன் முன்னால் நிறுத்துகிறார்கள். கண் அசந்த நேரத்தில் விரல் போகிறது. இ.எஸ்.ஐ. இருந்தால் அங்கே கட்டுப் போடுகிறார்கள். புண் ஆறுகிறது. வேலை ஆறுவதில்லை, போய்விடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது பாருங்கள். 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 20-வது பிரிவு இருக்கிறது. வேலையில் இருக்கும்போது ஊனமடைந்தவரை வேலையிலிருந்து நீக்கக்கூடாது, பதவியும் குறைக்கக்கூடாது. அந்த வேலை செய்ய முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை கொடு, வேறு வேலை இல்லாவிட்டால் கூடுதல் இடமாவது உண்டாக்கி வைத்துக்கொள் என்கிறது. எவ்வளவு நியாயமான விதி! ஆனால் அந்த விதியின் முதல் வார்த்தையைப் படியுங்கள். சர்க்கார் ஸ்தாபனம் என்று ஆரம்பிக்கிறது. ரெயில்வேயில் விரல் போனால் பாதுகாப்பு. மறைமலைநகர்ப் பட்டறையில் விரல் போனால் பாதுகாப்பு இல்லை. ஒரே விரல், ஒரே ரத்தம். சட்டத்துக்கு மட்டும் இரண்டு கண்.

இட ஒதுக்கீடும் அப்படியே. சர்க்கார் வேலையில் 100-க்கு 4 இடம் மாற்றுத்திறனாளிகளுக்கு உண்டு. தனியார் ஆலைக்கு வந்தால், 5 சதவீதம் பேரை எடுத்தால் ஊக்கச் சலுகை தருவோம் என்று கெஞ்சுகிறது அதே சட்டம். 2008 முதலே, ஊனமுற்றவரை வேலைக்கு எடுத்தால் மூன்று வருஷத்துக்கு முதலாளி கட்ட வேண்டிய பிராவிடண்ட் பண்டு, இ.எஸ்.ஐ. பங்கை சர்க்காரே கட்டும் என்று ஒரு திட்டமும் போட்டார்கள். சலுகையைக் காட்டி முதலாளியின் மனதை மாற்ற முடியும் என்று நினைக்கிறவர்களை என்னவென்று சொல்ல? முதலாளியிடம் கெஞ்சுகிறார்கள், தொழிலாளியிடம் மிஞ்சுகிறார்கள்.

இன்னொரு சங்கதி. இட ஒதுக்கீட்டுக்கு 40 சதவீத ஊனம் இருக்க வேண்டும். 1923-ம் வருஷத்து நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணையோ, ஒரு கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 30 சதவீதம் போனதாகக் கணக்கு வைத்தது. அளவுகோல் இரண்டும் வேறு என்பது நமக்குத் தெரியும். ஆனால் இரண்டுக்கும் நடுவிலே விழுகிற தொழிலாளி ஒரே ஆள்தான். நஷ்டஈட்டை வாங்கிக்கொண்டு போ என்கிறது ஓர் ஆபீஸ். உனக்கு ஊனம் போதாது என்கிறது மற்றொரு ஆபீஸ். முழுக் கை இல்லாதவன் வேண்டாம் என்கிறது ஆலை வாசல்.

மாமல்லபுரத்துக் கல்தச்சர்களையும் இங்கே நினைக்க வேண்டும். 1957-லேயே சிற்பக் கல்லூரி கண்ட ஊர் அது. 1984-ல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பெயரும் கிடைத்தது. 2019-ல் சீன அதிபரையும் பிரதமரையும், 2022-ல் உலகத்துச் சதுரங்க வீரர்களையும் வரவேற்க ஊரையே வெள்ளையடித்தார்கள். உளியின் அடியில் பறக்கும் கல் தூசி மட்டும் முன்பு போலவே பறந்தது. இப்போது உளிக்குப் பதில் மின்சார ரம்பம் வந்துவிட்டதால் தூசி முன்னைவிட நைசாக நுரையீரலுக்குள் போகிறது. சிலிகோசிஸ் என்று அதற்குப் பெயர். வந்தால் மருந்தில்லை, படி ஏற முடியாது, மூட்டை தூக்க முடியாது. 2016-ம் வருஷச் சட்டம் 21 வகை ஊனங்களை வரிசைப்படுத்தியிருக்கிறது. அந்த வரிசையில் சிலிகோசிஸ் இல்லை. சாமி சிலை செய்தவருக்கும், குவாரியில் ஜல்லி உடைத்தவருக்கும் ஊனச் சான்று கிடையாது. மூச்சு முட்டுவது கண்ணுக்குத் தெரிவதில்லை அல்லவா?

செங்கற்பட்டுக்குப் பக்கத்திலேயே திருமணியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1924-ல் வில்லிங்டன் சீமாட்டி பெயரில் தொடங்கியது. 1955-ல் மத்திய சர்க்கார் எடுத்துக்கொண்டது. எத்தனையோ ஊர்களிலிருந்து வந்த நோயாளிகள் அங்கே குணமானார்கள். கூட்டு மருந்து வந்த பிறகு ஆறு மாதத்திலோ ஒரு வருஷத்திலோ நோய் தீர்ந்துவிடுகிறது. தொழுநோயாளிகளை ஊரிலிருந்து ஒதுக்கிவைக்க வெள்ளைக்காரன் 1898-ல் போட்ட சட்டத்தையும் 2016-ல் ரத்து செய்துவிட்டார்கள். ரத்தாகாத சட்டம் ஒன்று இருக்கிறது: அது ஆலை வாசலில் இருக்கிறது. மடங்கிய விரலைப் பார்த்தவுடன், குணமாகி முப்பது வருஷம் ஆனவரையும் தள்ளி நிற்கச் சொல்லும் சட்டம் அது. மருத்துவம் செய்ததை முதலாளியும் சமூகமும் சேர்ந்து பாழாக்குகின்றன.

2011 ஜனத்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் ஊனமுற்றோர் 2 கோடியே 68 லட்சம் பேர். அவர்களில் வேலை பார்ப்பவர்கள் 100-க்கு 36 பேர். பெண்களை மட்டும் பார்த்தால் 23 பேர். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். ஊனமுற்றோர் என்ற பெயரை மாற்றுத்திறனாளி என்று மாற்றியது நல்ல காரியம். பெயரைப் போலவே வேலையையும் மாற்றியிருந்தால் இன்னும் பாராட்டியிருப்போம்.

மற்ற தேசங்களில் இப்படித்தானா? பிரிட்டனில் 1944-லேயே, யுத்தத்தில் கை கால் இழந்து திரும்பிய சிப்பாய்களுக்காக, 20 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் 3 சதவீதம் என்று சட்டம் போட்டார்கள். அது 1995-ல் போய்விட்டது, அது வேறு கதை. பிரான்சில் 1987 முதல் 20 பேருக்கு மேற்பட்ட ஸ்தாபனத்தில் 6 சதவீதம். எடுக்காவிட்டால் பணம் கட்ட வேண்டும். ஜெர்மனியில் 5 சதவீதம். அங்கேயும் எடுக்காத முதலாளி தண்டம் கட்டுகிறான். அதே ஜெர்மனியின், பிரான்சின் முதலாளிகள் நம் ஜில்லாவின் பக்கத்திலும் ஜில்லாவுக்குள்ளும் கார் தயாரித்திருக்கிறார்கள். தங்கள் ஊரில் சட்டத்துக்குப் பணிகிறவர்களுக்கு இங்கே சட்டமே இல்லை. இது அவர்களின் குற்றத்தைவிட டில்லியின் குற்றம்.

ஊர் எது?

மூன்றாவது கேள்விக்கு வருகிறோம். ஊர் எது என்று கேட்பது ஜாதியைக் கேட்பதுதான். கேட்கிறவனுக்கும் தெரியும், பதில் சொல்கிறவனுக்கும் தெரியும்.

இந்த ஜில்லாவுக்கு இதில் ஒரு பழைய கணக்கு உண்டு. 1891-ல் செங்கற்பட்டுக் கலெக்டர் டிரெமன்ஹீர், இங்கே தாழ்த்தப்பட்ட மக்கள் எந்த நிலையில் வாழ்கிறார்கள் என்று மேலிடத்துக்கு அறிக்கை எழுதினார். அதன் பலனாக 1892-ல் பஞ்சமி நிலம் வந்தது. சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படும் அந்த நிலம் இன்று யார் கையில்? நூறு வருஷம் கழித்து காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தைக் கேட்ட மக்களுக்கு, 1994 அக்டோபர் 10-ந் தேதி செங்கற்பட்டில் துப்பாக்கிக் குண்டுதான் பதிலாகக் கிடைத்தது. ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர்விட்டார்கள். நிலம் இருந்தால் தகப்பன் மகனை ஐ.டி.ஐ.க்கு அனுப்பியிருப்பான், குறைந்த கூலிக்கு மாட்டேன் என்று சொல்லும் தைரியமாவது இருந்திருக்கும். நிலம் போனதால்தான் அவன் மகன் காண்டிராக்ட் அட்டையோடு பஸ் ஏறுகிறான். அவன் உள்ளே செய்வது என்ன? கூட்டுவது, கழுவுவது, எண்ணெய்க் கழிவை அள்ளுவது. அதே ஆலையில் நிரந்தர வேலைக்குப் பரிந்துரைக்க அவனுக்கு மாமனும் இல்லை, மச்சானும் இல்லை.

இருளர் மக்களின் நிலை இதைவிட மோசம். அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் சவுக்கு வெட்டிலும் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு அடைபட்டுக் கிடந்தவர்களை அதிகாரிகள் மீட்டதாக எத்தனை முறை செய்தி படித்திருக்கிறோம்! கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல். பாம்புத் தோல் வியாபாரம் தடை செய்யப்பட்டதும் எழுபதுகளில்தான். தோல் வியாபாரம் நின்றபோது பசியில் வாடிய இருளர்கள் 1978-ல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். வடநெம்மேலியில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் விஷத்தை எடுத்து மருந்து ஆலைகளுக்குக் கொடுத்தார்கள். வயலில் பாம்பு கடித்த விவசாயத் தொழிலாளி பிழைக்கிறான் என்றால் அதில் இந்தக் கைகளுக்குப் பங்கு உண்டு. மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர் தோழர்கள் 2017-ல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கே போய் மலைப்பாம்பு பிடித்துக் காட்டினார்கள். 2023-ல் பத்மஸ்ரீ பட்டமும் கிடைத்தது. மெத்தப் பெருமை. ஆனால் அவர்கள் ஜாதிப் பையன் ஆலைக்கோ ஆபீசுக்கோ வேலைக்குப் போனால் சான்றிதழ் எங்கே என்கிறார்கள். பழங்குடிச் சான்றுக்குத் தாசில்தார் போதாது, கோட்டாட்சியரிடம் போக வேண்டும். அவர் விசாரிக்க வேண்டும். விசாரித்து முடிப்பதற்குள் விண்ணப்பத் தேதி முடிந்துவிடுகிறது. பழங்குடியினருக்குத் தமிழகத்தில் ஒதுக்கியிருப்பதே 100-க்கு 1. அந்த ஒன்றைத் தொடவும் ஏணி இல்லை.

மாமல்லபுரத்தில் பாசிமணி விற்கும் நரிக்குறவர்களின் கதையும் அதுதான். 2021-ல் கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து எழுப்பப்பட்ட ஒரு நரிக்குறவப் பெண் வாய் திறந்து கேட்டதால்தான் ஊர் திரும்பிப் பார்த்தது; முதலமைச்சரே பூஞ்சேரிக்கு வந்து பட்டா கொடுத்தார். பழங்குடிப் பட்டியலில் அவர்கள் பெயர் சேர்ந்தது 2023 ஜனவரியில். சேர்ந்த பிறகு எத்தனை பேருக்கு மாதச் சம்பள வேலை கிடைத்தது என்பதே நம் கேள்வி.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வேலை இல்லாத உள்ளூர் வாலிபனின் காதில், "பீகார்க்காரன் வந்து உன் வேலையைப் பறித்துவிட்டான்" என்று ஓதுகிறார்கள். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளிகளை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய்ப் படங்களைப் பரப்பிப் பீதி கிளப்பியதையும் பார்த்தோம். ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் வருகிறவன் தகரக் கொட்டகையில் பத்துப் பேரோடு படுத்துப் பன்னிரண்டு மணி நேரம் உழைக்கிறான். அவனும் பதினெட்டுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்டவன். அவனுக்குக் கை போனால் ரெயில் டிக்கெட்தான் நஷ்டஈடு. அவன் கூலியை உன் கூலிக்கு உயர்த்தினால் முதலாளிக்கு அவனைத் தேடிப் போகும் அவசியம் இருக்காது. பகை யாரிடம் என்பதைத் தெரிந்துகொள்ள இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

சர்க்கார் வேலையும் சுருங்குகிறது

தனியாரிடம் இட ஒதுக்கீடு இல்லை. சரி, சர்க்கார் ஆலை வந்தால் 4-ம் உண்டு, 18-ம் உண்டு, பழங்குடிக்கு இடமும் உண்டு. திருமணியில் எச்.எல்.எல். பயோடெக் தடுப்பூசி ஆலையை 594 கோடி ரூபாய் திட்டமாக 2012-ல் அனுமதித்துக் கட்டினார்கள். கொரோனா கொள்ளைநோயில் ஜனங்கள் தடுப்பூசிக்கு வரிசையில் நின்ற 2021-லும் அந்த ஆலையில் ஒரு குப்பி தயாராகவில்லை. கட்டிடம் நின்றது, டில்லி கைவிரித்தது. வெளியே ஊனமுற்ற பட்டதாரியும் இருளர் பையனும் நிற்க, உள்ளே மெஷின் தூசி படிந்து கிடந்தது என்றால் அதற்குப் பெயர் என்ன?

கிராமத்தில் வயதானவருக்கும் ஊனமுற்றவருக்கும் வாசல் திறந்து வைத்திருந்தது நூறு நாள் வேலை ஒன்றுதான். 2005-ல் இடதுசாரிகளின் வற்புறுத்தலும் சேர்ந்து வந்த சட்டம் அது. அறுபது வயதுப் பாட்டியையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நடக்க முடியாதவருக்குத் தண்ணீர் கொடுக்கும் வேலையாவது கிடைத்தது. 2025 டிசம்பரில் மோடி சர்க்கார் அதற்குப் பதிலாக வேறு சட்டத்தை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றியது. 125 நாள் என்று பெயர் சொல்கிறார்கள். செலவில் 100-க்கு 40-ஐ மாநிலத்தின் தலையில் கட்டிவிட்டார்கள். நடவு, அறுவடைக் காலத்தில் 60 நாள் வேலையை நிறுத்தலாம் என்று வழியும் வைத்துவிட்டார்கள். அந்த 60 நாளில் வலுவுள்ளவரை மிராசுதார் கூப்பிடுவார். பாட்டியை யார் கூப்பிடுவார்? காலில்லாதவரை யார் கூப்பிடுவார்?

எனவே நாம் கேட்பது இது. 2016-ம் வருஷச் சட்டத்தின் 20-வது பிரிவுப் பாதுகாப்பைத் தனியார் ஆலைக்கும் நீட்டிக்க வேண்டும்; எந்த ஆலையில் கை போனதோ அந்த ஆலையே அவருக்கு வேலை தர வேண்டும். இருபது பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் ஊனமுற்றோருக்கு 5 சதவீதம் கட்டாயம் ஆக்க வேண்டும். சலுகை விலையில் நிலம் வாங்குகிற கம்பெனியின் ஒப்பந்தத்திலேயே இதையும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஒதுக்கீட்டையும் எழுத வேண்டும். இதற்கு டில்லியை எதிர்பார்க்க வேண்டியதில்லை. நிலம் கொடுப்பது மாநில சர்க்கார். மறைமலைநகரில் எஞ்சின் ஆலை வரும்போது பழைய தொழிலாளிக்கே முதல் இடம். வயதுக் கெடு போட்டு ஆள் எடுப்பதைத் தடை செய்ய வேண்டும். சிலிகோசிஸை ஊனப் பட்டியலில் சேர்க்க வேண்டும். இருளர், நரிக்குறவர் குடியிருப்புகளுக்கே கோட்டாட்சியர் போய் உட்கார்ந்து சான்று கொடுக்க வேண்டும்.

நம்மிடமும் குறை உண்டு, அதை மறைக்கக்கூடாது. நிரந்தரத் தொழிலாளியின் போனசுக்கு எழுந்து நிற்கிற சங்கம், கை போன காண்டிராக்ட் பையன் வாசலில் நிற்கும்போது எத்தனை முறை எழுந்து நின்றிருக்கிறது? சங்கக் கூட்டம் மாடியில் நடந்தால் தவழ்ந்து வருகிற தோழர் எப்படி வருவார் என்று நாம் யோசித்தோமா? ஊதிய ஒப்பந்தத்தில் காயமடைந்தவருக்கு மாற்று வேலை என்று ஒரு வரி சேர்ப்பதை எத்தனை சங்கம் கேட்டது? 2024-ல் சாம்சங் தொழிலாளிகள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள்; சங்கம் வைக்கும் உரிமையைத் தள்ளிப் போட்டவர்களே 2025 ஜனவரியில் அதைப் பதிவு செய்து கொடுத்தார்கள். அந்த உறுதியில் பாதியை இந்தக் காரியத்துக்கும் கொடுத்தால் போதும்.

வரும் மாதத்தில் ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் ஒரு கணக்கு எடுக்க வேண்டுகிறோம். ஆலையில் ஊனமடைந்து வெளியே வந்தவர், நாற்பதைத் தாண்டியதால் மறுக்கப்பட்டவர், சான்று கிடைக்காமல் நிற்கும் இருளர், நரிக்குறவர் ஆகிய எல்லோரையும் வீடு வீடாகப் போய்ப் பார்த்து எழுதுங்கள். விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர்கள் கிராமங்களில் வயதானோர், ஊனமுற்றோர் எத்தனை பேர் இந்த வருஷம் வேலை கேட்டார்கள், எத்தனை நாள் கிடைத்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆள் பெயர் அச்சில் வேண்டாம். வயது, செய்த வேலை, இழந்தது என்ன, எந்த ஆபீசில் என்ன பதில் சொன்னார்கள் என்பது போதும். வந்து சேரும் கணக்கை இந்தப் பக்கத்திலேயே வெளியிடுவோம். அதையே மனுவாக எழுதி, செங்கற்பட்டுக் கலெக்டர் ஆபீசுக்கு எல்லோரும் சேர்ந்து எடுத்துப் போவோம். நடக்க முடியாத தோழர்களுக்கு வண்டி ஏற்பாடு செய்யும் பொறுப்பைக் கிளைகள் இப்போதே ஏற்றுக்கொள்ள வேண்டும்.